கொம்பு முளைத்த எழுத்து

வெர்பிவ்கா
6 நவம்பர் 2023

ரயிசாவுக்கு,

அக்கா என்று எழுதப் பேனா வரவில்லை. அதனால் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இருபது மாதம் கழித்து எழுதுகிறேன். போனில் உன் எண்ணை அடைத்து வைத்தது வைத்ததுதான். நீ பேசினால் நான் கத்துவேன், நான் கத்தினால் நீ டிவியைப் போலப் பேசுவாய். கடிதத்தில் இரண்டு பேரும் கொஞ்சம் அடங்கி இருப்போம். உக்ரைனுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே தபால் நின்றுவிட்டதால் இதைத் திபிலிசியில் இருக்கும் உன் மகள் ஆஸ்யாவுக்கு அனுப்புகிறேன். அவள் வரோனெஷுக்குத் தள்ளிவிடுவாள். தபால்காரி நானே என்பதால் முத்திரையும் நானே குத்திக்கொண்டேன்.

விஷயம் அம்மாவின் கல்லறைக் கல். மண் நன்றாக இறங்கிவிட்டது, மரச்சிலுவை சாய்ந்துவிட்டது. கல் செதுக்கும் சாவாவிடம் போனேன். உன் வகுப்பில் படித்தானே, அதே சாவாதான்.

"வரிசையில நில்லு நீலா. சண்டையில செத்த சின்னப் பசங்க கல்லே பதினேழு கெடக்கு. உங்க அம்மாவுக்கு எண்பத்தஞ்சு வயசு. கொஞ்சம் பொறுத்துப்பாங்க" என்றான்.

பிறகு என்ன எழுதணும் என்று கேட்டான். மோத்ரியா கலகான், 1936 - 2022, ரஷ்யக் குண்டில் கொல்லப்பட்டாள், நினைவுடன் மகள் என்று சொல்லிக்கொண்டே வந்து நின்றுவிட்டேன். "மகளா, மகள்களா?" என்றான். கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அம்மா இறந்த அன்று உனக்குத்தான் முதலில் போன் செய்தேன். நீ சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது: "நம்ம ஆளுங்க வீடுகளை அடிக்க மாட்டாங்க நீலா. அம்மாவுக்கு இதயம் நின்னுருக்கும். இல்லன்னா உங்க ஆளுங்களே அடிச்சிருப்பாங்க." அப்போது நான் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அம்மாவின் தலைமுடியிலிருந்து மண்ணை எடுத்துக்கொண்டிருந்தேன்.

உன் கையால் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. அம்மாவைக் கொன்றது எது, அது யாருடையது என்று. எழுதினால் கல்லில் மகள்கள். எழுதாவிட்டால் மகள். அழுகை, கெஞ்சல், மாத்திரை விவரம் எதுவும் வேண்டாம்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அன்று காலை அவளை நிலவறையில் உட்கார வைத்துவிட்டு ரொட்டி வாங்க ஒஹ்திர்க்காவுக்குப் போனேன். தண்ணீர், கம்பளி, தக்காளி ஜாடி, வாளி எல்லாம் உள்ளேயே இருந்தன. நான் வரும்வரை வெளியே வரக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். ரொட்டி வரிசையில் ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டது. என்னைத் தேடித்தான் மேலே வந்திருப்பாள் என்று இரண்டு வருஷமாக என்னையே தின்றுகொண்டிருக்கிறேன்.

நீலா


வரோனெஷ்
19 ஜனவரி 2024

என் கண்ணே நீலாக்குட்டி,

கவரின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அதை முத்தமிட்டேன். பக்கத்தில் இருந்த பூனை என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்கும். நீ அக்கா என்று எழுதாவிட்டால் என்ன, உன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் நான்தான். அதை யாராலும் மாற்ற முடியாது.

நாலு இடத்தில் காற்புள்ளியை விட்டிருக்கிறாய். பழக்கதோஷம், சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். முப்பத்தாறு வருஷம் ஒண்ணாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவளிடம் கோபித்துக்கொள்ளாதே. முன்பெல்லாம் எனக்கு ரஷ்ய மொழியில்தானே எழுதுவாய்? இப்போது வீம்புக்கு நம் ஊர் உக்ரைன் பேச்சில் எழுதியிருக்கிறாய். வாசிக்க எனக்கு நேரம் பிடித்தது.

முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாத்திரை விவரம் வேண்டாம் என்றாய், சரி.

போரில் எது எங்கிருந்து வந்து விழுந்தது என்று யாரால் நிச்சயமாகச் சொல்ல முடியும் நீலா? நாம் இரண்டு கிழவிகள். அம்மாவின் தலைமாட்டில் அரசியல் எதற்கு? அன்பு அம்மா என்று போட்டால் போதாதா? அப்புறம் கலகானில் 'க' வருகிற இடத்தில் அந்தக் கொம்பு வைத்த எழுத்தைப் போடச் சொல்லாதே. பாஸ்போர்ட்டில் முக்கால்வாசி ஆயுளும் கொம்பில்லாமல்தான் இருந்தது. பக்கத்திலேயே அப்பா படுத்திருக்கிறார். அவர் பெயரையே வாங்கிக்கொள்ளாமல் தன் பெயரைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். செத்த பிறகாவது ஊரோடு ஒத்துப்போகட்டுமே. இங்கே கொம்பில்லாமலே எல்லோரும் கலகான் என்றுதான் படிக்கிறார்கள்.

நீ உன்னைக் குறை சொல்லிக்கொள்ளாதே. அம்மா உன்னைத் தேடி மேலே வரவில்லை. அதை மட்டும் என் பேச்சை நம்பு.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அக்கா ராயா


வெர்பிவ்கா
27 பிப்ரவரி 2024

ரயிசாவுக்கு,

நீ திருத்திய என் கடிதமும் வந்து சேர்ந்தது. எத்தனை மதிப்பெண் என்று போட மறந்துவிட்டாய்.

முத்தம் ஆயிரம், நான் கேட்ட வரி ஒன்றுகூட இல்லை. இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, நானே சொல்கிறேன். எல்லைக் கிராமங்களுக்குத் தபால் வண்டியில் பென்ஷனும் ரொட்டியும் மருந்தும் கொண்டுபோகிறோம். வண்டி முகப்பில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. ட்ரோன் பக்கத்தில் வந்தால் கத்தும். கத்தினால் மரத்தடியில் ஒதுங்குகிறோம். போனபிறகு புறப்படுகிறோம். போன வாரம் எண்பது வயசு பரஸ்கா ஷெல் வெடித்த வாசல் பள்ளத்தில் வெங்காயம் நட்டு வைத்திருந்தாள். "அவனே தோண்டிக் குடுத்துட்டுப் போனான், எனக்குக் குனியற வேலை மிச்சம்" என்றாள். இந்த ஊரில் வந்து ஒத்துப்போ என்று சொல்லிப் பார்.

கொம்புக்கு வருகிறேன். உங்கள் ஊரில் அது இல்லாமலே கலகான் என்று படிப்பீர்கள், உங்களுக்கு அந்த ஒலிக்கு வேறு எழுத்து தேவையில்லை. நம் ஊரில் கொம்பை எடுத்தால் அது ஹலஹான். அப்படி ஒரு ஆள் நம் குடும்பத்தில் பிறக்கவே இல்லை. முப்பத்துமூன்றில் மாஸ்கோவில் உட்கார்ந்துகொண்டு அந்த எழுத்தே இனி கிடையாது என்றார்கள். நம் தாத்தா பள்ளிக்கூடப் பலகையில் அதை எழுதிக்கொண்டே இருந்தார். முப்பத்தேழில் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அம்மாவுக்கு அப்போது ஒரு வயசு. அவளுக்கு அப்பா முகம் தெரியாது, புகைப்படம் கிடையாது. அவர் விட்டுப்போனது அந்தக் கொம்பு ஒன்றுதான்.

எழுத்து திரும்பி வந்தபிறகு, தொண்ணூற்றிரண்டில், புதுப் பாஸ்போர்ட் வாங்க அம்மா என்னை அழைத்துக்கொண்டு போனாள். நீ அப்போது வரோனெஷில் இருந்தாய். தட்டச்சு இயந்திரத்தில் அந்த எழுத்து இல்லை என்றாள் ஆபீஸில் இருந்த பெண்.

"ஊர்ல எல்லாருக்கும் இது போதுது. உங்களுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"ஆமா, முளைச்சிருக்கு. முப்பத்திமூணுல வெட்டினாங்க. இப்ப திரும்ப முளைச்சிருக்கு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் மேசையிலிருந்த பேனாவையே எடுத்துப் பாஸ்போர்ட்டில் இரண்டு 'க'வுக்கும் இரண்டு கொம்பு வரைந்தாள். அரசாங்கப் பத்திரத்தைக் கெடுத்துவிட்டாள் என்று பெரிய ரகளை. அதற்கப்புறம் மின்சார ரசீது, மருந்துச் சீட்டு, ஓட்டர் பட்டியல், எதையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றிலும் கொம்பு.

கல்லில் இரண்டு கொம்பும் இருக்கும். பேச்சுக்கே இடமில்லை.

இப்போது நீ எனக்குப் பதில் சொல். அம்மா என்னைத் தேடி மேலே வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். நிலவறையில் இருந்தவள் அவள் ஒருத்திதான். ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த உனக்கு அது எப்படித் தெரியும்?

நீலா


வரோனெஷ்
3 ஏப்ரல் 2024

நீலா,

இதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன். நாற்பது வருஷமாக எழுதாத கை. பிழை இருந்தால் இந்த முறை நீ சிவப்புப் பேனா எடுத்துக்கொள்.

அம்மா மேலே வந்தது நான் கூப்பிட்டதால்தான்.

அன்று பதினொன்றரை மணிக்கு நான் அவளுக்குப் போன் செய்தேன். எடுத்தாள். நிலவறையில் குரல் விட்டுவிட்டு வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டேன், அவள் சொன்ன பதில் காதில் விழவில்லை. "மேல வாம்மா, சரியா கேக்கல" என்றேன். படி ஏறுகிற சத்தம் கேட்டது. மூச்சு வாங்கினாள். "இப்ப கேக்குதா ராயா? தக்காளி விதை முளைச்சிருக்கு, ஜன்னல்ல இருக்கு, எட்டிப் பாத்துட்டு எறங்கிடுறேன்" என்றாள். அப்புறம் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வெடித்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை, அதற்குள் போன் செத்துவிட்டது.

நீ கூப்பிடும் வரை நாலு மணி நேரம் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். நீ சொன்னபோது எனக்கு முன்பே தெரியும் நீலா. குண்டு என்று ஒப்புக்கொண்டால் அதன் அடியில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது நான் என்று ஆகிவிடும். இதயம் என்று சொன்னால் அது யார் தப்பும் இல்லை. டிவிக்காரன் எனக்குத் தேவையானதைச் சொன்னான், நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நீ உன்னைத் தின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று சொல்ல ஆசை. சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

இரண்டாம் வகுப்பில் என் அம்மா என்று ஒரு கட்டுரை எழுதினேன், உனக்குத் தெரியாது. அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்தபடி பெயரைக் கொம்போடு எழுதினேன். டீச்சர் சிவப்பு மையால் அடித்து, எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்க வைத்து, கொம்பில்லாமல் ஐம்பது தடவை எழுதச் சொன்னாள். எழுதினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், இனி சிவப்புப் பேனா பிடிக்கிற பக்கத்தில்தான் இருப்பேன் என்று.

நீ கேட்ட வரி: அம்மாவைக் கொன்றது குண்டு. அது எங்கள் ராணுவத்தின் குண்டு.

கல்லில் மகள் என்றே போடு. மகள்கள் என்று போட எனக்குத் தகுதியில்லை.

ரயிசா


வெர்பிவ்கா
16 மே 2024

அக்கா,

உன் கடிதத்தை வண்டியில் உட்கார்ந்து படித்தேன். பெட்டி கத்தியது, டிரைவர் இறங்கு இறங்கு என்றார். நான் படித்து முடித்துத்தான் இறங்கினேன்.

மூன்று நாள் உன்னைத் திட்டினேன். ஆடு, கோழி, அடுப்பு எல்லாவற்றிடமும் சொல்லித் திட்டினேன். நான்காம் நாள்தான் ரொட்டி வரிசையில் நின்ற அந்த ஒரு மணி நேரம் என் தோளிலிருந்து இறங்கியது தெரிந்தது. அந்த ராத்திரி விடியும்வரை தூங்கினேன்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். உன் போன் அம்மாவைக் கொல்லவில்லை. மகள் கூப்பிட்டால் தாய் படி ஏறி வருவாள், உலகம் முழுக்க அப்படித்தான். அதில் குற்றம் எதுவும் இல்லை. அந்தக் குண்டை ஏற்றியவன் ஒருவன் இருக்கிறான், ஏற்றச் சொன்னவன் ஒருவன் இருக்கிறான். அவர்கள் மூட்டையை நீ ஏன் சுமக்கிறாய்? கீழே போடு. ஆனால் இரண்டு வருஷம் சொன்ன பொய் இருக்கிறதே, அது உன் மூட்டை. அதை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

போன ஞாயிறு இறந்தவர்களோடு சாப்பிடுகிற நாள். கும்பல் சேரக் கூடாது, ட்ரோன் வரும் என்றார்கள். ஊரே கல்லறைக்குப் போனது. இரண்டிரண்டு பேராகப் பிரிந்து போனோம். அம்மாவுக்குச் சாயமிட்ட முட்டையும் ஈஸ்டர் ரொட்டியும் ஊறிய தக்காளி ஒன்றும் வைத்தேன். கல் நட்டாகிவிட்டது. மின்சாரம் இல்லாததால் சாவா கையாலேயே செதுக்கினான். ரஷ்யக் குண்டு என்று இருக்கிறது, இரண்டு கொம்பும் இருக்கின்றன, உன் கட்டை விரல் நீளம். கடைசி வரியில் நினைவுடன், மகள் என்று முடித்துப் பக்கத்தில் இரண்டு விரல் இடம் விட்டிருக்கிறான்.

"எடம் இருக்கட்டும் நீலா. உங்க அக்கா சின்ன வயசுலயே எல்லாத்துக்கும் லேட்டாத்தான் வருவா" என்றான்.

நான் ஒரு வரி கேட்டேன், நீ எழுதிவிட்டாய். வாக்குப்படி இப்போதே 'மகள்' பக்கத்தில் 'கள்' செதுக்கச் சொல்லலாம். ஆனால் உன் வரியைப் படித்த பிறகு எனக்கு ஆசை பெரிதாகிவிட்டது. எனக்கு எழுதி என்ன பயன் அக்கா? எனக்குத்தான் முன்பே தெரியுமே. தெரியாதவர்களிடம் சொல். அங்கே, உன் வாயால், உன் ஊரில், ஒரே ஒருத்தரிடமாவது. அதற்கு அங்கே என்ன விலை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். முடியாது என்றால் முடியாது என்று எழுது. சாவாவை வரச் சொல்லி அன்றைக்கே செதுக்கிவிடுகிறேன், அப்புறம் இதைப் பற்றிப் பேச மாட்டேன். அக்கா என்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.

நீலா


வரோனெஷ்
15 செப்டம்பர் 2024

என் நீலாக்குட்டி,

மூன்று மாதம் பதில் போடாமல் இருந்தது பயத்தால். தினமும் மாடி வீட்டுக்காரியிடம் சொல்லிவிடலாம் என்று படியில் ஏறுவேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வெள்ளரிக்காய் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுவேன்.

பள்ளி திறக்கும் நாளில் பழைய டீச்சர் ஒருவரை அழைத்து, ஒண்ணாம் வகுப்புப் பலகையில் முதல் எழுத்தை எழுத வைப்பது எங்கள் பள்ளி வழக்கம். இந்த வருஷம் என்னை அழைத்தார்கள். பூங்கொத்து, பாட்டு, பின்வரிசையில் பெற்றோர். சாக்பீஸைக் கையில் கொடுத்தார்கள். என் கை மோத்ரியா கலகான் என்று எழுதியது. கொம்பு இரண்டும் வைத்தேன்.

"இது எங்க அம்மா பேரு. உக்ரைன்ல இருந்தாங்க. நம்ம ராணுவம் போட்ட குண்டுல செத்துப்போனாங்க" என்றேன். குரல் நடுங்கவில்லை. முப்பத்தாறு வருஷம் பின்வரிசைக்குக் கேட்கும்படி பேசிய தொண்டை, அதற்குப் பழக்கம்.

 முன்வரிசையில் ரிப்பன் கட்டிய ஒரு பெண்குழந்தை கையைத் தூக்கி, "டீச்சர், அந்த எழுத்துக்கு ஏன் கொம்பு?" என்று கேட்டாள். என் வாழ்க்கையிலேயே நல்ல கேள்வி கேட்ட மாணவி அவள். பதில் சொல்வதற்குள் தலைமையாசிரியை பாட்டைப் போட்டுவிட்டாள்.

ஒரே ஒருத்தர் என்றாய். நாற்பது பேர் ஆகிவிட்டது. எப்போதும்போல் லேட்டாக வந்தாலும் வீட்டுப்பாடத்தைக் கூடுதலாகச் செய்திருக்கிறேன் என்று சாவாவிடம் சொல்.

நாலாம் நாள் விசாரணைக்கு அழைத்தார்கள். ஆஸ்யா வயசுதான் அந்த அதிகாரிக்கு. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடச் சொன்னான். போட்டேன்.

"இது என்ன பேரு? பாஸ்போர்ட்ல ஸ்விரிதோவான்னு இருக்கு. இது என்ன மேல கொம்பு மாதிரி?"

"பாஸ்போர்ட் உங்களோடது. கையெழுத்து என்னோடது."

"ஏம்மா, இந்த வயசுல உங்களுக்குக் கொம்பு முளைச்சிருக்கா?"

நீலா, சத்தியமாக அவன் அதையேதான் கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆமாம் தம்பி, கொஞ்சம் லேட்டா முளைச்சிருக்கு என்றேன்.

அவன் வாக்குமூலத்தில் ஏழு பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

புதன்கிழமை திரும்பவும் வரச் சொல்லியிருக்கிறான். கம்பளிச் சட்டை, மாத்திரை, இரண்டு ஜோடி காலுறை எடுத்துப் பையில் வைத்துவிட்டேன். பூனையை மாடி வீட்டுக்காரியிடம் விட்டேன். ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள், கதவை மூடுவதற்கு முன்னால் என் கையை ஒரு தடவை அழுத்தினாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் அன்று சமையலறையில் நின்ற நாலு மணி நேரம் அளவுக்கு இல்லை.

உன் அக்கா,
ராயா கலகான்


வெர்பிவ்கா
24 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

இதை ரஷ்ய மொழியில் எழுதுகிறேன். இனி இந்த மொழியில் ஒரு வார்த்தை எழுத மாட்டேன் என்று அம்மாவின் குழிமேட்டில் நின்று சொன்னவள் நான். உன்னை அடைத்து வைத்திருக்கும் இடத்துக்கு வேறு மொழியில் எழுதினால் உள்ளே விடமாட்டார்களாம், ஆஸ்யா சொன்னாள். அவள்தான் இதை அச்செடுத்து அனுப்புகிறாள். உனக்காக எழுதுகிறேன். காற்புள்ளி எல்லாம் பார்த்துத்தான் போட்டிருக்கிறேன்.

கடிதத்தை உனக்கு முன்னால் படிக்கும் அதிகாரி ஐயாவுக்கும் வணக்கம். இதில் ரகசியம் எதுவும் இல்லை. அக்கா தங்கை இரண்டு பேரின் வீட்டு விஷயம்தான்.

உருளைக்கிழங்கு இந்த வருஷம் நன்றாக விளைந்தது. அம்மா அன்று சொன்ன தக்காளி நாற்று, ஜன்னலில் இருந்தது, அதை அப்போதே நட்டுவைத்தேன். அதன் விதையின் விதைதான் இப்போது என் வீட்டில் காய்க்கிறது. பன்னிரண்டு ஜாடி ஊற வைத்திருக்கிறேன். ஆறு உனக்கு.

நான் கேட்டது அதிகம் அக்கா. கேட்டபோதே தெரியும். திரும்பக் கேட்பேனா என்றால், கேட்பேன். நீயும் அதையே செய்வாய். நாம் அப்படிப்பட்டவளின் பிள்ளைகள். வருத்தப்பட்டு ஒரு வரிகூட எனக்கு எழுதாதே. உடம்பைப் பார்த்துக்கொள், மாத்திரை விவரம் முழுக்க எழுது, எல்லாம் வேண்டும்.

போன வாரம் சாவா உளியோடு வந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை அவனுக்குப் பிடிக்கவா கல்லுக்குப் பிடிக்கவா என்று கேட்டேன், "கல்லுக்குப் புடி, எனக்கு சளி ஏற்கெனவே இருக்கு" என்றான். விட்டிருந்த இரண்டு விரல் இடத்தில் 'கள்' செதுக்கினான். சரியாகப் பொருந்தியது. நினைவுடன், மகள்கள் என்று படித்துப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

சுற்றிலும் புல் மண்டிவிட்டது. பாதியைப் பிடுங்கிவிட்டேன். மிச்சப் பாதி உன்னுடையது, தொடமாட்டேன். எத்தனை வருஷம் ஆனாலும் நீ வந்து பிடுங்கு.

கவரின் மேல் உன் பெயரை நீ கையெழுத்துப் போட்டபடியே ஆஸ்யாவை எழுதச் சொல்லியிருக்கிறேன். அதிகாரி ஐயா, அதில் இரண்டு எழுத்தின் மேல் சின்னதாகக் கொம்பு தெரியும். பிழை என்று நினைத்து அடித்துவிட வேண்டாம். அது எங்கள் அம்மாவின் பெயர்.

உன் தங்கை,
நீலா கலகான்